அம்மாவின் விரலும் அந்தக் கைக்கடிகாரமும்

அம்மா தையல் வேலை செய்கிறவர். பதினெட்டு வருசமாகச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி பார்க்கக் குத்திக் குத்தி இடது கை நடுவிரல் ஓரம் காய்ச்சுப் போய்விட்டது. அந்த விரலால்தான் துணியைப் பிடிக்கிறார். அதனால் "குத்தாமல் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் ஆசையோடு கேட்பேன்.

போன வருசம் வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கைக்கடிகாரம் கொண்டுவந்து தந்தார். "மாமி, இனிக் குத்த வேண்டாம், இது வடிவாக் காட்டும்." நல்லூர்த் தேரன்று அம்மா இன்சுலின் போட்டுவிட்டு விரதமென்று சாப்பிடாமல் வந்துவிட்டார். வீதியில் நிற்க வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. கடிகாரம் 108 என்றது. "வெயில்தான் பிள்ளை" என்றார். நல்லகாலம், என் பையில் பழைய மெசின் இருந்தது. குத்திப் பார்த்தால் 52, சீனி ஆபத்தாகக் குறைந்திருந்தது. தண்ணீர்ப் பந்தலில் வாங்கிய சர்க்கரைத் தண்ணிதான் அன்று காப்பாற்றியது.

தோலைத் துளைக்காமல் சீனி அளக்கும் எந்த ஸ்மார்ட் கடிகாரத்துக்கும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரியும். கையில் ஒட்டுகிற சென்சர் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் இருக்கிறது.

ஆனால் குத்தாமல் வியர்வையில் சீனி அளக்கும் ஆராய்ச்சியே பொய்யென்று ஒதுக்க என்னால் முடியாது. நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியம் குளுக்கோசை ஒட்சிசனோடு தாக்கமுறச் செய்யும். கூடவே ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகும். இந்த நொதியத்தை மின்வாயோடு சேர்க்கும் வழியை லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962 இல் சொன்னார்கள். இப்போது அதை, சிறு மின் மாற்றத்தையும் பெரிதாக்கிக் காட்டும் திரான்சிற்றரின் படலை (gate) என்ற மின்வாயில் பூசுகிறார்கள். பேரொட்சைட்டு அங்கே இலத்திரன்களைக் கொடுக்க, படலையின் மின்னழுத்தம் மாறும். உடனே கரைசலிலுள்ள அயன்கள் திரான்சிற்றரின் மின் கடத்தும் பிளாஸ்டிக் படைக்குள் புகுந்து அதில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்கும். தோட்டத்து வாய்க்காலில் ஒரு மண்வெட்டி மண் போட்டால் பாத்திக்குப் போகிற தண்ணி முழுக்க மாறுகிறதே, அதேபோல. ஒரு வோல்ற்றுக்கும் குறைவான மின்னழுத்தம் போதும்.

இவ்வளவு நுட்பம் ஏன் வேண்டும்? வியர்வையிலுள்ள குளுக்கோசு இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதையும் இந்தத் திரான்சிற்றர் பிடித்துவிடும். ஆனால் பிடித்த எண்ணை இரத்தத்தின் எண்ணாக மாற்றுவதுதான் பெரும்பாடு. வியர்வை கூடிக் குறையும். தோலில் ஒட்டிய இனிப்பும் கலக்கும். நொதியத்தின் வேகம் சூட்டோடும் அமிலத்தன்மையோடும் மாறும். விற்றமின் சீயும் யூரிக்கமிலமும்கூட மின்வாயில் தாக்கமடையும். 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் என்ற சீனி அளக்கும் கைக்கடிகாரம் தோலைச் சிவக்க வைத்தது. வியர்த்தால் அளக்காமல் நின்றுவிடும். கடைசியில் சந்தையை விட்டே போய்விட்டது. சித்திரை வெயிலில் தோட்டம் கொத்துகிற எங்கள் ஆட்களுக்கு அது எதற்கு உதவியிருக்கும்? இந்தக் கருவிகளைக் குளிரூட்டிய அறையில் மட்டுமல்ல, எங்கள் வெக்கையிலும், எங்கள் ஆட்களின் கையிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதில் இறங்கினால் மனமார வாழ்த்துவேன்.

அதுவரை, இன்சுலின் போடுகிறவர்கள் நடுக்கம் வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதேங்கோ. கையைக் கழுவி, நுனியில் இல்லாமல் விரலின் ஓரத்தில் குத்துங்கோ, நோவு குறையும். வெளிநாட்டிலிருந்து வாறவை, கடிகாரத்துக்குப் பதிலாக அம்மா அப்பாவின் மெசினுக்குப் பொருந்துகிற, இரத்தத்துளி வைக்கும் ஸ்ட்ரிப் பெட்டி இரண்டு கொண்டு வாங்கோ. எந்த மெசின் என்று முதலே கேட்டு, முடிவுத் திகதியும் பார்த்து வாங்குங்கோ.