இந்தக் கணினிக்குத் தேதி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே!

போன மாதம் 20-ஆம் தேதி, இரவு எட்டரை மணி. ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்குப் படிவம் ஏற்றக் கடைசி நாள். தாராவி 90 அடி சாலையில் தோல்பை தைக்கும் அண்ணாச்சி ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கணக்கை அன்றைக்குள் ஏற்றாவிட்டால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. சிஸ்டத்தைப் போடுகிறேன், ஜிஎஸ்டி தளம் திறக்க மறுக்கிறது. இணைப்பு பாதுகாப்பானது இல்லையாம். என் விவரங்களை யாரோ களவாடப் பார்க்கலாமாம். அண்ணாச்சி முகம் வெளிறிவிட்டது. "ஏதும் வைரஸா இருக்குமோ? என் பேங்க் கணக்குக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்கிறார். திரையின் வலது ஓரத்தில், கண்ணில் படாத அளவுக்குச் சின்ன எழுத்தில், 01-01-2015.

வைரஸும் இல்லை, திருடனும் இல்லை. கடிகாரம். வெறும் கடிகாரம்! கையால் தேதியை மாற்றினேன், அடுத்த நிமிஷம் தளம் திறந்தது. பதினோரு மணிக்குள் வேலை முடிந்தது. ஆனால் அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2015-இல் நிற்கும் கணினிக்கு இந்த வருஷத்துச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் எதிரில் இருப்பவனைக் கள்ளன் என்கிறது. குரோம் மட்டும் சில நேரம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்ற பொருளில் ஒரு பக்கத்தைக் காட்டும். மற்ற மென்பொருள்களில் பலவும் நெட்வொர்க் பிழை, சர்வர் பிழை என்று ஊரில் இருப்பவர்கள் மேலெல்லாம் பழி போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அதை நம்பித்தான் நானும் முதல் வாரம் இணையம் கொடுப்பவரோடு சண்டை போட்டேன். பாவம், அந்தப் பையன் இரண்டு தடவை மாடி ஏறி வந்து ஒயரை மாற்றிவிட்டுப் போனான்.

அப்புறம் பழுது பார்க்கும் கடை. பேரைச் சொல்லப்போவதில்லை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு மழையில் ஆட்டோ பிடித்துப் போனேன். விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மேட் போட வேண்டும் என்று 1,200 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் அவர்களிடம் இருந்தது, நேரம் சரியாகக் காட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை மறுபடியும் 2015. திரும்பப் போனால் "மதர்போர்டு கயா", அதாவது உள்ளே உள்ள முக்கியப் பலகையே போச்சு என்று உதட்டைப் பிதுக்கி 6,500 சொன்னார்கள். தினமும் பத்துச் சிஸ்டம் பார்க்கிற கை அது. அதற்கு இந்த நோய் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். வயிறு எரிகிறது.

கடையில் சரியாக இருந்தது வீட்டுக்கு வந்ததும் ஏன் கெடுகிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் காரணத்துக்கு வந்தேன். கடையில் ராத்திரியும் கரண்ட் ஓடுகிறது. எங்கள் பக்கம் அப்படி இல்லை. நெருக்கமான வீடுகள், பழைய ஒயரிங், தீப்பிடித்தால் ஓட வழி கிடையாது. அதனால் படுக்கும் முன் சுவரில் உள்ள மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவோம். நல்ல பழக்கம்தான், அதை நான் மாற்றப்போவதில்லை. சுவரில் கரண்ட் இருக்கும்வரை, சிஸ்டம் அணைந்திருந்தாலும் உள்ளே உள்ள கடிகாரத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது நின்றால் ஒரு சின்ன பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டும். பேட்டரி செத்தால் கடிகாரமும் நிற்கும். காலையில் போர்டு, தன்னைச் செய்தவர்கள் எழுதிவைத்த ஏதோ ஒரு தேதியை எடுத்துக் காட்டும். என் போர்டுக்கு அது 2015.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தரையில் செய்தித்தாளை விரித்து, சிபியுவைப் படுக்க வைத்துத் திறந்தேன். தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டால், போர்டின் ஒரு மூலையில் பழைய ஒரு ரூபாய்க் காசு போல வெள்ளி வில்லை. மேலே கூட்டல் குறி, அதன் கீழ் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஓரத்தில் இருந்த தகரக் கொக்கியை நகத்தால் தள்ளியதும் 'டக்'கென்று எழும்பி வந்தது. 3 வோல்ட் இருக்க வேண்டியதில் மல்டிமீட்டர் 1.9 காட்டியது. சயான் ஸ்டேஷனுக்கு எதிரே கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் புதுசு 40 ரூபாய். கூட்டல் குறி மேலே இருக்கும்படி வைத்து அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்தேன். ஐந்து நிமிஷ வேலை.

நாற்பது ரூபாய்! இதற்கு 6,500 கேட்டார்கள்.

கடைக்காரர்களை விடுங்கள், எனக்கு அதைவிடப் பெரிய கோபம் இந்தக் கணினிகளைச் செய்கிறவர்கள் மேல்தான். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்று அன்றைய இயங்குதளமான டாஸ் கேட்கும், நாம் அடிக்க வேண்டும். தொல்லைதான், ஆனால் நேர்மை. 1984-இல் வந்த ஐபிஎம்மின் ஏடி மாடலில் பேட்டரியோடு கடிகாரச் சில்லு வந்தது. அந்த மோட்டரோலா சில்லிலேயே, மின்சாரம் விட்டுப்போனது, இந்த நேரத்தை நம்பாதே என்று சொல்ல ஒரு பிட்டை, அதாவது ஆம் அல்லது இல்லை என்று காட்டும் ஒரு சின்னக் குறியை, ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் வந்த சில்லுகளிலும் பேட்டரி பலவீனத்தைக் குறிக்க அடையாளம் உண்டு. ஆக, இயந்திரத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, முகம் மாறாமல் '2015' என்று காட்டுகிறது. சில போர்டுகள் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி எஃப்1 அழுத்தச் சொல்லும். என்னுடையது அதைக்கூடச் செய்யவில்லை. 'பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள்' என்று திரையில் ஒரு வரி போட என்ன கேடு? டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிகிறதே!

'நேரத்தைத் தானாக அமை' என்ற வசதி இருக்கிறதே என்று சொல்ல வருவீர்கள். தனிக் கணினியில் விண்டோஸ் வழக்கமான அமைப்பில் 54,000 நொடி, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்தாமல் விட்டுவிடும். பத்து நிமிஷம் தப்பினால் ஓடிவந்து உதவும், பத்து வருஷம் தப்பினால் கைகட்டி நிற்கும். எப்போது உதவி வேண்டுமோ அப்போது இல்லை.

இந்த ஊர் ஒரு காலத்தில் 39 நிமிஷத்துக்காக மல்லுக்கட்டியது. 1906-இல் இந்தியா முழுக்க ஒரே நேரம் என்று ஆன பிறகும், பம்பாய் 1955 வரை, அதைவிட 39 நிமிஷம் பின்தங்கிய தன் நேரத்தை விடாமல் வைத்திருந்தது. நேரம் என்றால் அவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது. இங்கே பத்து வருஷத்துக்கு மேல் காணாமல் போகிறது, ஒரு சத்தமும் இல்லை.

பேட்டரி மாற்றிய அதே வாரம் இன்னொரு கூத்து. காலை 11 மணிக்குச் சிஸ்டம் 5:30 என்றது, தேதி மட்டும் சரி. மறுபடியும் பேட்டரி போச்சா என்று நெஞ்சு திக்கென்றது. இல்லை. அக்கா மகன் படிப்புக்காக அதில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டிருந்தான். லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை போட்டு, உள்ளூர் நேரத்தையே எழுது என்று சொன்னான், சரியானது. அதனால், கணக்காக ஐந்தரை மணி தப்பினால் பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள். கரண்டை அணைத்துப் போட்டால் தேதியே மாறுகிறது என்றால் பேட்டரிதான். யார் ஃபார்மேட் என்றாலும் காசை எடுக்காதீர்கள்.

நேற்று செம்பூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவர் சிஸ்டமும் காலையில் பழைய தேதி காட்டுகிறதாம், அங்கேயும் ஒரு கடையில் மதர்போர்டு போச்சு என்று சொல்லிவிட்டார்களாம், முன்பணம் கட்டலாமா என்று கேட்டார். "ஒரு பைசா கொடுக்காதீங்க சித்தப்பா, நான் வர்ற வரைக்கும் யாரையும் அதைத் தொட விடாதீங்க" என்றேன். ஸ்க்ரூடிரைவரும் புது வில்லையும் பைக்குள் இருக்கின்றன. நாளைக் காலை முதல் வண்டிக்குப் போகிறேன்.