தகுதியற்றவன் என்று சொல்லிக்கொண்டே

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணித் திருநாள் பூசையில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. நேரில் கண்டவர்கள் கண்டீர்கள். காணாதவர்களுக்கும் அன்று மத்தியானத்துக்குள் செய்தி திருகோணமலையின் உவர்மலை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. திருநாள் செலவுக்குப் பணம் தரும் உபயகாரருக்கு என்று கடதாசி ஒட்டிய முன்வாங்கில் வந்து அமர்ந்த ஒரு மனிதரை ஒழுங்குக் குழுவினர் கையைப் பிடித்து எழுப்பிப் பின்னால் அழைத்துச் சென்றார்கள். அவர் பின்வாங்கிலும் இருக்கவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டார். பூசையில் அப்பமாகத் தரும் நற்கருணைக்கும் உள்ளே வரவில்லை. இது பிழை என்று நான் எழுதிய நான்கு வரிகளுக்கு வந்த பதில்களைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். "உங்களுக்கு ஏன் ரீச்சர் இந்த வேலை?" என்று அன்போடு விசாரித்த மூவருக்கும் நன்றி. பென்சன் எடுத்தவளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நற்கருணை வாங்கப் போகுமுன் நாங்கள் எல்லோரும், முன்வாங்கு பின்வாங்கு வேறுபாடில்லாமல், ஆண்டவர் எம் இல்லத்தில் எழுந்தருளி வர நாம் தகுதியற்றவர்கள் என்று வாய்விட்டுச் சொல்கிறோம். ஒவ்வொரு பூசையிலும் சொல்கிறோம். அப்படிச் சொல்கிற அதே வாயால் இன்னொருவருடைய தகுதியை எப்படி அளக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. நான்கு நாட்களாக வந்த பதில்களில் ஒன்றுகூட இந்தக் கேள்வியைத் தொடவில்லை.

அந்தச் செபம் யாருடைய சொல் என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பேதுருவினுடையதல்ல, யோவானுடையதல்ல. கப்பர்நாகும் ஊரில் இருந்த பிறவினத்துப் படை அதிகாரி ஒருவருடையது. நூற்றுவர் தலைவர் என்று மத்தேயு 8ஆம் அதிகாரத்திலும் லூக்கா 7ஆம் அதிகாரத்திலும் வருகிறவர். படை அதிகாரி என்ற சொல் போரைக் கண்ட எங்கள் ஊர்க்காரரின் காதில் எப்படி விழும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அன்றைய யூதருடைய காதிலும் அது இனிமையாக விழுந்திருக்காது. லூக்கா சொல்லும் கதையைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அந்த அதிகாரி தானே வரவில்லை. ஊர்ப் பெரியவர்களை அனுப்புகிறார். அவர்கள் இயேசுவிடம் வந்து சொல்லும் சிபாரிசு என்ன? இவர் தகுதியுள்ளவர், எங்கள் தொழுகைக்கூடத்தைக் கட்டித் தந்தவர் என்பதுதான். எங்கள் வழக்கில் சொன்னால், இவர் பெரிய உபயகாரர், முன்வாங்கில் இருத்தவேண்டியவர். இயேசு வீட்டை நெருங்கும்போது அந்த மனிதரோ நண்பர்களை அனுப்பி, நான் தகுதியற்றவன், நீர் வரவேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்கிறார். ஊர் கொடுத்த சான்றிதழை அவரே கிழித்துப் போடுகிறார். இஸ்ரயேலிலும் இப்படியொரு நம்பிக்கையைக் கண்டதில்லை என்று இயேசு வியந்தது அதற்குப் பிறகுதான். கட்டிக்கொடுத்த கூடத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதாக நற்செய்தியில் இல்லை.

உபயகாரர்களை நான் இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் உடனே தொலைபேசியை எடுக்கவேண்டாம். கோயில் கூரைக்குத் தகரம் போட்டவர்கள் அவர்கள். திருநாள் நடப்பதும் அவர்களால்தான். என் வீட்டுப் பெயரும் அந்தப் பட்டியலில் கடைசிக்கு முன்னால் இருக்கிறது. கேள்வி பணத்தைப் பற்றியதல்ல. வாங்கில் ஒட்டிய கடதாசியைப் பற்றியது.

"ஒழுங்கு வேண்டாமா?" என்பது முதல் எதிர்வாதம். வேண்டும். முப்பது வருடம் வகுப்பறையில் ஒழுங்கு ஒழுங்கு என்று தொண்டை வற்றிய எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் யாக்கோபு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொன் மோதிரம் அணிந்தவர் வந்தால் இங்கே அமருங்கள் என்றும், அழுக்கு உடையோடு ஏழை வந்தால் அங்கே நில் என்றும் சொல்கிறீர்களே என்று கேட்கிறார். ஏழு மணிப் பூசைக்கு வந்து திரும்பியவர் எழுதியதைப் போல இருக்கிறது. அந்த மனிதர் அன்று தோய்த்த சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அழுக்கு என்ற சாக்குக்கூட அன்று இல்லை.

"அவர் குடிகாரர்." ஆம், குடித்தவர்தான். அன்று குடித்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் மூன்றாவது வாங்கில் இருந்தவள் நான். எனக்கு மூக்கு இருக்கிறது. குடித்தே வந்திருந்தாலும் என்ன என்று கேட்க மனம் உந்துகிறது; கேட்டால் இன்னும் நூறு பதில் வரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

"தகுதியற்ற முறையில் ஆண்டவரின் அப்பத்தை உண்பவர் குற்றவாளி என்று பவுல் எழுதவில்லையா?" எழுதினார், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 11ஆம் அதிகாரம். இதை எனக்கு அனுப்பியவர் ஆறு வசனம் மேலே போய் வாசித்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டார். கொரிந்தில் வசதியுள்ளவர்கள் தங்கள் உணவை முந்தி உண்டு முடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவரை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்டது அவர்களைத்தான். அந்த வசனத்தின் நுனி மரத்தடியில் நின்றவரை நோக்கியதல்ல.

திருமண உடை இல்லாமல் வந்தவனை வெளியே தள்ளிய உவமையையும் ஒருவர் நினைவூட்டியிருந்தார். அந்த உவமை என்னையும் தொந்தரவு செய்கிறது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதில் விருந்தினரைப் பார்வையிட வந்தது அரசர். வாசலில் நின்ற ஒழுங்குக் குழு அல்ல.

எங்கள் கத்தோலிக்கத் தமிழில் "புதுமை" என்றால் அற்புதம். அந்தோனியார் புதுமை செய்தார் என்கிறோம். பாலையூற்று லூர்து மாதாவிடம் புதுமை கேட்டு மெழுகுதிரி கொளுத்துகிறோம். இந்தச் சொல்வழக்கை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன், ஏனென்றால் நற்செய்தியில் அருள் வரும் விதமே புதுமையாகத்தான் இருக்கிறது. மத்தேயுவிலும் மாற்குவிலும் அருள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒரு தடவைகூட வருவதில்லை என்று ஒரு தியானத்தில் குருவானவரான சுவாமி ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன், உண்மைதான். சொல் இல்லை, ஆனால் விருந்து இருக்கிறது. சுங்கச் சாவடியில் இருந்த வரிதண்டுபவன் எழுந்து இயேசுவின் பின்னால் வருகிறான். அவனுடைய கூட்டாளிகளோடு இயேசு பந்தியில் அமர்கிறார். அதைக் கண்டு முணுமுணுப்பு எழுகிறது. நோன்பைப் பற்றிய கேள்வியும் தொடர்ந்து வருகிறது. புதிய மதுவைப் பழைய தோற்பையில் ஊற்றமாட்டார்கள் என்று அவர் சொல்லுமிடம் அதுதான். புளித்துக்கொண்டிருக்கும் மது காற்றை விடும். புதுத்தோல் இழுபடும், காய்ந்து விறைத்த தோல் இழுபடாது, வெடிக்கும். லூக்கா மட்டும் இதோடு இன்னொரு வரியைச் சேர்க்கிறார்: பழைய மதுவைக் குடித்தவர் புதியதை விரும்பமாட்டார், பழையதே நல்லது என்பார் என்று. சலிப்போடு சொன்ன வரி அது என்று நான் நினைக்கிறேன். "காலம் காலமாக முன்வாங்கு உபயகாரருக்குத்தான்" என்று எனக்கு எழுதியவரை நினைத்துத்தான் லூக்கா அதை விடாமல் எழுதி வைத்தாரோ தெரியாது.

திராட்சைத் தோட்டக் கூலி உவமையை நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைதான் கண்முன் வரும். விடியற்காலையில் கயிறு பிடித்தவனுக்கும், வலையின் மடி கரையேறும் நேரத்தில் வந்து கைபோட்டவனுக்கும் ஒரே பங்கு கொடுத்த சம்மாட்டியை, அதாவது வலைச் சொந்தக்காரரை, நான் கண்டதில்லை. கொடுத்தால் மறுநாள் ஆள் பிடிக்க முடியாது. அதுதான் நியாயம், அதில் பிழையும் இல்லை. உவமையில் வரும் முதலாளி மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலியான ஒரு தெனாரியம் கொடுக்கிறார். அதையும் எப்படிக் கொடுக்கிறார் என்று பாருங்கள்: கடைசியாய் வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் சண்டையே வந்திராது. அவர்கள் பார்க்கவேண்டும் என்றே அப்படிச் செய்கிறார். நாங்கள் எல்லோரும் காலை ஆறு மணிக்கு வந்தவர்கள் அல்லவா? ஞானஸ்நானம், புதுநன்மை என்கிற முதல் நற்கருணை, உறுதிபூசுதல், திருநாள் உபயம் என்று எல்லாவற்றுக்கும் சான்றுத் துண்டு வைத்திருக்கிறோம். அதனால்தான் எரிகிறது.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. 1998இல் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையனைப் புதுநன்மை வாங்கவிடாமல் நிறுத்தியவள் நான். இடம்பெயர்ந்து வந்த குடும்பம். பையன் பாதி வகுப்புகளுக்கு வரவில்லை. விசுவாசப் பிரமாணத்தைப் பாதிவரைக்கும்தான் சொன்னான், "பாடுபட்டு" என்ற இடத்தில் நின்றுவிட்டான். அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். வெள்ளைச் சட்டை தைத்து முடித்தாயிற்று ரீச்சர் என்று தாய் வந்து கெஞ்சினார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அடுத்த வருடம் அந்தக் குடும்பம் ஊரில் இல்லை. "நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்று அரைகுறை நம்பிக்கையோடு கத்திய தகப்பனுடைய பிள்ளையை இயேசு குணமாக்கினார் என்று மாற்கு 9ஆம் அதிகாரத்திலிருந்து அதே மாதம்தான் பாடம் எடுத்திருந்தேன். பாதிப் பிரமாணம் அங்கே போதுமாக இருந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையில் எங்கள் கோயிலில் வாங்குகள் எல்லாம் சுவரோடு தள்ளப்பட்டு, நனைந்த பாய்களும் அழுகிற பிள்ளைகளும் நிறைந்திருந்த காட்சியை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உபயகாரர் வாங்கில் யாரோ ஒருவருடைய ஈரச்சேலை காய்ந்துகொண்டிருந்தது. எவர் எந்தச் சபை, எவர் எந்தச் சமயம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குக் கடல் உள்ளே வரவேண்டியிருந்தது.

"வேற்றுச் சபைக்காரர் சிரிப்பார்களே, எங்கள் குறையை வெளியே சொல்லலாமா?" என்று மிக நெருங்கிய ஒருவரே கேட்டதுதான் அதிகம் வலித்தது. அவருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். என் அம்மா கூடையில் மீன் விற்றவர். இந்த ஊரில் வீடு வீடாகத் தலைச்சுமையாய்க் கொண்டுபோய் விற்று என்னை ஆசிரியையாக்கினார். அவர் ஒருநாளும் ஏழு மணிப் பூசைக்கு வந்ததில்லை. ஐந்தரைப் பூசைக்கு, அதிலும் வாசலை ஒட்டிய கடைசி வாங்குக்குத்தான் போவார். ஏன் அம்மா என்று கேட்டால் வேலைக்கு நேரமாகிவிடும் என்பார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? புறப்படுமுன் அவர் எலுமிச்சம்பழத்தை வெட்டி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவரைக் கைபிடித்துப் பின்னால் கொண்டுபோகவில்லை. அவராகவே போய் இருந்தார். ஒருவருக்கும் சிரமம் கொடுக்காத ஒழுங்கு.

தொலைவில் நின்று, கண்களை உயர்த்தவும் துணியாமல், "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவர் பின்னால் நின்றது அவராக எடுத்த முடிவு. ஆகவே பின்னால் நிற்பதுதான் தாழ்மை என்று எனக்கு எழுதிய அன்பரே, தாழ்மை என்பது ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது; அதை இன்னொருவருக்குக் கைபிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. உங்களுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தால் பின்வாங்கில் இடம் இருக்கிறது. கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

ஊதாரி மகனின் உவமையில் வெளியே நிற்பவன் மூத்தவன். தகப்பன் விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். எங்கள் கோயிலில் வெளியே நின்றவரை யார் போய் அழைத்தோம்? ஒழுங்குக் குழுவை விடுங்கள். மூன்றாவது வாங்கில் இருந்த நான் எழுந்தேனா? அவர் என்னைக் கடந்துதான் போனார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை திருக்கடலூர்க் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவரைக் கண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், ஞாயிறு நடந்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றேன். "அதுக்கென்ன ரீச்சர், மரத்தடியில நல்ல காத்துத்தானே" என்று அவர் சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. பிறகு, ஒலிபெருக்கி இரைந்ததால் வெளியே ஒன்றும் விளங்கவில்லை, சுவாமி அன்று வாசித்த நற்செய்தி என்ன என்று கேட்டார். அதிகாரமும் வசனமுமாக இவ்வளவு எழுதுகிற எனக்கு எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரவில்லை.