கென்ட் படத்தை எடுக்கச் சொன்னவர்களுக்கு

கார்கில் தின நிகழ்ச்சி விஷயத்தை இதோடு விடுங்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பைப் பூட்டிவிட்டார்கள். அங்கே எழுத வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்கள் வீடியோவில் பார்த்தீர்கள். வீரமரணம் அடைந்தவர்களின் படங்கள் வைத்த வரிசையின் கடைசியில் நம் அண்ணன் கொண்டுவந்து வைத்த ராணுவ நாய் கென்ட்டின் படத்தை எடுக்கச் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். சர்வீஸ் முழுக்க ராணுவ நாய்களோடு வேலை பார்த்த மனிதர் அவர். அன்று மேடையில் உட்கார்ந்திருந்த பலரைவிட எல்லையில் அதிக நாள் நின்றவர்.

"வீரர்கள் படத்துக்குப் பக்கத்தில் நாய்ப் படமா, இது வீரர்களுக்கு அவமானம் இல்லையா?" என்றார்கள். சரி, அவமானமா இல்லையா என்பதை யாரிடம் கேட்டீர்கள்? மண்டபத்தில் யூனிஃபார்ம் போட்டு வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தோம். எங்களில் ஒருவரிடமாவது கேட்டீர்களா?

கென்ட் யார் என்று தெரியாமலே எடுக்கச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் என் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல். 2023 செப்டம்பர் 12, ஜம்மு பகுதியில் ரஜோரி மாவட்டம். தப்பி ஓடிய தீவிரவாதிகளின் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வீரர்களுக்கு முன்னால் போன பெண் லாப்ரடார் அது. 21வது ராணுவ நாய்ப் பிரிவு, ஆறு வயது. எதிரில் இருந்து சரமாரியாகச் சுட்டார்கள். தன்னை நடத்திச் செல்லும் வீரரை, அதாவது தன் ஹேண்ட்லரைக் காப்பாற்றி, குண்டை வாங்கிக்கொண்டு செத்தது கென்ட். மூவர்ணக் கொடி போர்த்தி மரியாதை செய்து அடக்கம் செய்தது ராணுவம். கொடி போர்த்தியவர்களுக்கு வராத அவமானம், ஒரு மேஜையில் படம் வைத்த நமக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். 2022 ஜூலை 30 அன்று பாராமுல்லாவில் ஒரு வீட்டுக்குள் பதுங்கியவனைத் தேடி வீரர்களுக்கு முன்னால் உள்ளே போனது ஆக்ஸல் என்ற பெல்ஜியன் மாலினாய். உள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டது. அந்த வருடம் சுதந்திர தினத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த விருதுப் பட்டியலில் ஆக்ஸலின் பெயர் இருக்கிறது. ‘மென்ஷன் இன் டிஸ்பாட்சஸ்’, அதாவது போர்க்கள அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டுவது. அதே பிரிவில் சிப்பாய்களின் பெயர்களும் இருந்தன. யாரும் தன் பெயரை எடுத்துவிடு என்று திருப்பி அனுப்பவில்லை. நாட்டின் பட்டியலில் சேர்ந்து நிற்கலாம், நம் ஊர் மண்டபத்து மேஜையில் சேர்ந்து நிற்கக்கூடாதா?

சிப்பாய்க்கு அவமானமா என்று சிப்பாயிடம் கேளுங்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் போஸ்ட் வடக்குக் காஷ்மீரில், எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில். பனி விழுந்து ரோடு மூடினால் கோடையில்தான் திறக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே அங்கே ஷேரு இருந்தான். மீரட்டில் ராணுவப் பயிற்சி எடுத்த நாய் இல்லை. மேய்ச்சல்காரர்களின் மந்தையோடு வந்து தங்கிவிட்ட, கழுத்தெல்லாம் சடைமுடி உள்ள பெரிய மலை நாய். எங்களுக்கு முன்னால் இருந்த யூனிட் போஸ்ட்டை ஒப்படைத்தபோது, அதில் நாயக் பதவியில் இருந்த ஒருவர் தோட்டாக் கணக்கு, மண்ணெண்ணெய்க் கணக்கு எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஷேருவைப் பற்றியும் சொன்னார். "இவன் குரைத்தால் பயப்படாதே, நரியோ கரடியோ வந்திருக்கும். குரைக்காமல் விறைத்து நின்றால் எழுந்து உட்கார்." அந்தச் சொல் எங்களை எத்தனையோ ராத்திரி காப்பாற்றியிருக்கிறது. நடுராத்திரி டூட்டியில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. அப்போது நான் பார்த்தது கம்பி வேலியை இல்லை, ஷேருவின் காதுகளைத்தான்.

ரோந்து போய் வந்தால் அவன் கால்விரல் இடுக்கில் எல்லாம் பனி கோலிக்குண்டு கோலிக்குண்டாய்க் கட்டியிருக்கும். புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பல்லால் கடித்துக் கடித்து எடுப்பான். அவன் வாய்க்கு எட்டாததை நாங்கள் உருக்கி எடுப்போம். அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டும், அந்தக் குளிரில் விரல் மரத்துப் போகும். யாரும் ஆர்டர் போடவில்லை. ஆனாலும் முறை வைத்துச் செய்தோம்.

அப்பா இறந்த செய்தி எனக்கு அந்த போஸ்ட்டில்தான் வந்தது. வானிலை சரியில்லை, ஹெலிகாப்டர் வரவில்லை. ரோடு மூடிக் கிடந்தது. ஊரில் தம்பி கொள்ளி வைத்தான். நான் மலைமேல் இருந்தேன். கூட இருந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள், நல்லவர்கள். ஆனால் ஆறுதல் சொல்கிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தலையாட்ட வேண்டியிருக்கிறது. ஷேருவுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பங்கருக்குள் வந்து என் முழங்கால்மேல் முழு பாரத்தையும் சாய்த்து உட்கார்ந்தான். விடியும்வரை நகரவில்லை. நாய்ப் படத்தைப் பார்த்து அவமானம் என்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

நாங்கள் இறங்கி வந்த நாளில் ஷேரு எங்கள் பின்னால் வரவில்லை. புதிதாக வந்த யூனிட்டில் காவல் நின்ற சென்ட்ரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது உண்மை. பிறகு யோசித்தால், அவன்தான் சரியான சிப்பாய். அவனுக்கு ஆள் கணக்கில்லை, போஸ்ட்தான் கணக்கு.

குரூப்பில் ஒருவர், "பிஸ்கட் போட்டால் எவன் பின்னாலும் போகும், அதற்குப் போய்த் தியாகமா" என்று எழுதினார். சார், நானும் சம்பளம் வாங்கித்தான் வேலை பார்த்தேன். பென்ஷனும் வாங்குகிறேன். அதனால் நான் நின்றதெல்லாம் பொய்யாகிவிடுமா? 2022 அக்டோபரில் அனந்த்நாக்கில் ஜூம் என்ற நாய் மேலே இரண்டு குண்டு பாய்ந்தது. குண்டு பட்ட பிறகும் அது எதிரியை விடவில்லை. ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் கிடந்து 13ஆம் தேதி செத்தது. அந்த நேரத்தில் அதற்கு யார் பிஸ்கட் காட்டினார்கள்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம் பண்பாடு இல்லை" என்று எழுதினார் இன்னொரு பெரியவர். இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது, ஏனென்றால் இதைச் சொன்னவர் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயா, திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. வில்லும் கையுமாக அவனைச் செதுக்கி, அவன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. ஒரே கல். வீரனும் நாயும் ஒரே கல்லில். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் ஒரு நாயின் பெயரை வீரனின் கல்லில் வெட்டினார்கள். அன்றைக்கு யாரும் அவமானம் என்று சொல்லவில்லை. நாம் ஒரு மரச்சட்டம் போட்ட படத்தைக்கூடத் தாங்கவில்லை.

949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்த போர் எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம், ராஷ்டிரகூடர் அணியில் நின்று சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனிடம் மன்னன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான் மணலேரன். பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. காளிக்குக் கல் நட்டு, நிலமும் எழுதி வைத்தார்கள். கர்நாடகத்தில் ஆதகூர் கல்வெட்டு என்று கேட்டுப் பாருங்கள், பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜாதித்தன் செத்த செய்தியும் காளி செத்த செய்தியும் அந்த ஒரே கல்லில்தான் இருக்கின்றன.

இதில் நானும் மெட்ராஸ் ரெஜிமென்ட், படத்தை எடுக்கச் சொன்ன இருவரில் ஒருவரும் மெட்ராஸ் ரெஜிமென்ட். நம் தொப்பியில் இருப்பது என்ன, அண்ணே? யானை. 1803 அசாயே போருக்காகக் கிடைத்த யானைச் சின்னம். அதை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு காலம் முழுக்க சல்யூட் அடித்தோம். யானை நெற்றியில் ஏறலாம், நாய் மேஜையில் ஏறக்கூடாது என்றால் எனக்குப் புரியவில்லை.

வெள்ளைக்காரன் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜூடி என்று ஒரு பாயின்டர் நாய். ஷாங்காயில் பிறந்து பிரிட்டிஷ் கடற்படையின் சின்னப் போர்க்கப்பலில் செல்லமாக வளர்ந்தது. 1942இல் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டுக் கப்பல் மூழ்கியது. தப்பித்து ஒரு தீவில் ஒதுங்கியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, மண்ணைத் தோண்டி நன்னீர் காட்டியது ஜூடிதான். பிறகு எல்லோரும் பிடிபட்டு சுமத்ராவில் மேடான் முகாமில் அடைபட்டார்கள். ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற விமானப்படை வீரர் தனக்குக் கிடைத்த ஒரு பிடி சோற்றை அதனோடு பங்குபோட்டுக்கொண்டார். காவலர்கள் எந்த நேரமும் அதைச் சுட்டுவிடலாம் என்று பயந்து, முகாம் தலைவனிடம் பேசி, அதையும் போர்க்கைதியாகப் பதிவு செய்ய வைத்தார். 81-ஏ என்று நம்பர். சோறில்லாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்த கைதிகள், நாய்க்கு எதற்குக் கைதி நம்பர், எங்களுக்கு அவமானம் என்று சொன்னார்களா? உயிரோடு இருக்க எனக்குக் காரணம் கொடுத்ததே ஜூடிதான் என்று வில்லியம்ஸ் பிறகு சொன்னார்.

தெருநாய்க்கடி பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். குழந்தைகள் கடிபடுவது பெரிய பிரச்சினைதான், நகராட்சி கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதற்கும் கென்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

விலங்கு நல ஆர்வலர் தங்கை ஒருவர், "நாயைப் போருக்குக் கூட்டிப் போவதே கொடுமை, அப்புறம் என்ன மரியாதை" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கென்ட் கையெழுத்துப் போட்டுச் சேரவில்லை. நான் சேர்ந்தேன். ஆனால் அம்மா, கண்ணிவெடி புதைத்த பாதையில் அந்த மூக்கு முன்னால் போகாவிட்டால் பின்னால் வருகிற பையனின் கால் போகும். அந்தப் பையன்களை எனக்குத் தெரியும். அவர்களின் அம்மாக்களையும் தெரியும். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கொடுமை என்றால், அந்தக் கொடுமையை ஏற்றுக்கொண்ட ஜீவனுக்கு மரியாதை இன்னும் அதிகமாகத்தானே செய்ய வேண்டும்?

உண்மையான கொடுமை வேறு இடத்தில் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2015 வாக்கில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது ராணுவமே பதில் சொன்னது: ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்கு லாயக்கில்லாமல் போன நாய்களைக் கருணைக்கொலை செய்கிறோம் என்று. கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அந்த வழக்கம் மாறியது. இன்று மீரட்டில் வயதான நாய்களுக்கு இல்லம் இருக்கிறது, தத்து எடுக்கவும் கொடுக்கிறார்கள். அமெரிக்காக்காரன் செய்தது இன்னும் மோசம். வியட்நாமுக்குச் சுமார் 4,000 நாய்களைக் கொண்டுபோனான், திரும்பி வந்தது 200 அளவில்தான். சண்டையிலும் நோயிலும் செத்தவை போக மற்றவை உபரிச் சாமான் கணக்கில் போய்விட்டன. கூட இருந்த ஹேண்ட்லர்கள் கெஞ்சியும் விடவில்லை. அந்த மனிதர்கள் கிழவர்களான பிறகும் அதைச் சொல்லி அழுதார்கள். வயதான நாய்களை வீட்டுக்குக் கொடுக்கச் சட்டம் வர 2000ஆம் வருடம் ஆயிற்று.

சாமான் கணக்கு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். உழைக்கிறவரை முன்னால் போ, முடிந்ததும் கண்ணில் படாதே. நாயை அப்படி நினைக்கிற மனசு நாயோடு நின்றுவிடுமா? கால் போய் வந்த எங்கள் செட் ஆள் ஒருவன் இன்று ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆண்டுக்கு ஒரு நாள் அவனுக்குச் சால்வை. அன்றைக்கும் முன்வரிசை நாற்காலி எங்களுக்கில்லை, யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாரே, அப்போது முன்வரிசையில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் நாங்கள் சிலர் எழுந்தோம். எங்களை உட்காரச் சொன்னார்கள்.

சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுத்துமூலம் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். நினைவு நிகழ்ச்சியில் எந்தப் படம் இருக்கலாம் என்பதை இனி சர்வீஸ் செய்தவர்களும் அவர்கள் வீட்டாரும் முடிவு செய்யட்டும். அண்ணனிடம் மேடையில் வைத்தே வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். பதிவை நீக்கச் சொல்லி நேற்று மூன்று பேர் போன் செய்தார்கள், நீக்க மாட்டேன். கீழே இதயம் போடுகிறவர்கள் தயவுசெய்து அதோடு நின்றுவிடாமல் கூட்டத்துக்கு நேரில் வாருங்கள். ஓட்டெடுப்பு என்று வந்தால் கை தூக்க ஆள் வேண்டும்.