ஆல்ட்டோவில் ஒட்டினால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

எங்கள் கார் பிரியர்கள் குழு ஈ.சி.ஆர். சந்திப்பில் ஒரு பையனின் ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்ட்டோவைக் கிண்டல் செய்து எடுத்த ரீலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று காலை மறுபடி ஒருவர் அதையே எனக்கு அனுப்பி, கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளையும் வரிசையாகப் போட்டிருக்கிறார். போதும். எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளிர்நீல ஆல்ட்டோ, நடுவில் ஆரஞ்சுப் பட்டை, கதவில் வெள்ளை வட்டத்துக்குள் 6. கேமராவைப் பிடித்திருக்கும் நம் குழுவின் பெரிய மனிதர் கேட்கிறார்: “ஆறுன்னா என்ன தம்பி, ஆறாவது டியூவா?” சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பையனும் சிரிக்கிறான். அவன் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆறு என்றால் என்னவென்று நான் சொல்கிறேன் சார். 1969, பிரான்ஸில் நடக்கும் லீ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயம். ஜான் வையர் அணியின் ஃபோர்டு ஜிடி40, கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் அதே வெளிர்நீலம், ஆரஞ்சு நிறத்தில், எண் 6. ஓட்டியவர்கள் ஜாக்கி இக்ஸ், ஜாக்கி ஆலிவர். அந்தக் காலத்தில் கொடி அசைந்ததும் ஓட்டுநர்கள் பாதையின் குறுக்கே ஓடிப்போய் வண்டியில் விழுந்து ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் பலர் பெல்ட்டைக்கூட மாட்ட மாட்டார்கள். இக்ஸ் ஓடவில்லை, நடந்து போனார். நிதானமாக பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் மதியம், ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில், இக்ஸின் வண்டி ஜெயித்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஓடிப்போய் ஏறும் வழக்கமே ஒழிந்தது. அதே வண்டி, அதே சேஸிஸ் (அடிச்சட்டம்), 1968-லும் ஜெயித்தது. அப்போது அதன் எண் 9.

பையன் 9 போடவில்லை, 7 போடவில்லை, அதிர்ஷ்ட எண்ணும் போடவில்லை. தெரிந்துதான் 6 போட்டிருக்கிறான். கேட்டவருக்குத்தான் தெரியவில்லை. ஆனால் மைக் அவர் கையில் இருந்ததே, என்ன செய்ய.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆல்ட்டோவில் ஒட்டினால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

1964-ல் மான்டி கார்லோ ரேலியை பேடி ஹாப்கர்க் என்ற ஓட்டுநர் ஒரு குட்டி மினி காரில் ஜெயித்தார். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, எண் 37. 2021-ல் மினி நிறுவனம் அவர் பெயரில் ஒரு பதிப்பை இந்தியாவிலேயே விற்றது. அதே சிவப்பு, அதே வெள்ளைக் கூரை, 37 என்ற ஸ்டிக்கரைக்கூடக் கம்பெனியே ஒட்டிக் கொடுத்தது. விலை 40 லட்சத்துக்கு மேல். அந்தப் படத்தைக் குழுவில் போட்டபோது ஒருவராவது “முப்பத்தேழாவது டியூவா” என்று கேட்டீர்களா? எல்லோரும் இதயம் போட்டீர்கள். “ஹெரிட்டேஜ்” என்று உருகினீர்கள். போர்ஷே தன் 918 ஸ்பைடரை, பழைய பந்தய வண்டிகளில் இருந்த மார்ட்டினி மதுபான நிறுவனத்தின் பட்டைகளோடு விற்றது. ஃபோர்டு தன் புதிய ஜிடியை இதே கல்ஃப் நிறத்தில் விற்றது. அதெல்லாம் பாரம்பரியம். பையன் தன் கையால் ஒட்டினால் கோமாளித்தனம். அப்படித்தானே?

“அந்த ஆல்ட்டோ லீ மான்ஸில் ஓடியதா?” என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார், ஏதோ பெரிய மடக்கு மடக்கியதைப் போல. ஓடவில்லை. உங்கள் நண்பரின் போர்ஷே ஓடியதா? அது நுங்கம்பாக்கத்திலிருந்து மகாபலிபுரம்வரை ஓடியிருக்கிறது, வழியில் ஃபில்டர் காபி குடித்திருக்கிறது.

நம் ஊரைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கே அர்த்தம் கிடையாது. இங்கே பந்தயத்தில் ஓடியவையே ரோட்டு வண்டிகள்தான். எண்பதுகளின் கடைசியில் அப்பா என்னைச் சோழவரத்தில் நடந்த கார் பந்தயத்துக்குக் கூட்டிப் போவார். உலகப்போர் காலத்து விமான ஓடுதளம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நான் அங்கே பார்த்தது ஃபெராரி இல்லை, ஃபியட். பக்கத்து வீட்டு டாக்டர் வைத்திருந்த அதே ஃபியட். முகப்பு விளக்குக் கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்க அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருப்பார்கள். கதவில் வெள்ளை வட்டம், அதில் கறுப்பு எண். நேரம் குறிப்பவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வட்டம். பின்னாளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மாருதி எஸ்டீம் ஓடியது. கல்யாணத்துக்குப் போகிற வண்டிதான் அதுவும்.

சோழவரம் போய்வந்த ஒரு வாரத்தில் அப்பா தன் லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் பக்கத் தகட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் வட்டம் போட்டு, உள்ளே வெள்ளை எனாமல் அடித்தார். காய்ந்ததும் கறுப்பில் 7. அம்பத்தூர் பட்டறையில் டர்னர் வேலை அவருக்கு. கை அவ்வளவு சுத்தம், ஒரு சொட்டுகூட வழியவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. தினமும் காலையில் யாராவது “என்ன சார், ரேஸுக்குக் கிளம்பியாச்சா?” என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வார். கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தின்னரும் பழைய பனியன் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் துடைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “விடுடா” என்றார்.

சரி, அடுத்த குற்றச்சாட்டு. “காசு வாங்காமல் கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறான்.” ஆமாம், லிவரி, அதாவது பந்தய வண்டியின் நிறமும் பட்டையும் எண்ணும், விளம்பரம்தான், யார் இல்லை என்றது? முன்பெல்லாம் பந்தய வண்டிக்கு நாட்டின் நிறம்தான்: இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம். 1968-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் லோட்டஸ் அணி கோல்டு லீஃப் சிகரெட்டின் நிறத்துக்கு மாறியது. அப்புறம் எல்லாமே விளம்பரம். அந்த வெளிர்நீலமும் கல்ஃபின் சொந்த நிறம் இல்லை. அவர்கள் வாங்கிய வில்ஷைர் என்ற வேறொரு எண்ணெய் நிறுவனத்துடையது. இதெல்லாம் தெரிந்தும் பிடிக்கிறது. சேப்பாக்கத்துக்கு மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு போகிறீர்களே, நெஞ்சில் அச்சடித்திருக்கும் கம்பெனி உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது? (சிகரெட் பெயர் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. சுபாரு ரேலி அணியின் நீலமும் மஞ்சளும் பிடித்தால் அவற்றை மட்டும் ஒட்டலாம். புகையிலை விளம்பரம் கூடாது என்ற நாடுகளில் அந்த அணியே 555 என்ற சிகரெட் பெயரை எடுத்துவிட்டுத்தான் ஓட்டியது.)

“சட்டம் தெரியுமா?” தெரியும். வண்டியின் நிறத்தையே மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. தம்பி, பதியாமல் இருந்தால் பதிந்துவிடு. ஆனால் இதை யார் கேட்கிறார்கள் பாருங்கள். அந்தச் சந்திப்பில் சைலன்சரை மாற்றி, இரவு பதினொரு மணிக்குத் திருவான்மியூரையே எழுப்பிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்? வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அவர்களுக்கு இல்லையா? ஆரஞ்சுப் பட்டை யாருடைய தூக்கத்தைக் கெடுத்தது?

“ரேஸ் ஸ்டிக்கர் ஒட்டியவன் ரேஸ் மாதிரிதான் ஓட்டுவான்” என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. என்னை இடித்துவிட்டு நிற்காமல் போனது பளபளவென்று ஒரு வெள்ளை எஸ்.யூ.வி.

அந்த வேலையை யாராவது கவனித்துப் பார்த்தீர்களா? ரீலில் பத்தாவது விநாடி வாக்கில் கேமரா போனட்டுக்குப் போகிறது. வைப்பருக்குத் தண்ணீர் பீய்ச்சும் அந்தச் சின்ன மூக்கைச் சுற்றி பிளேடால் வெட்டியிருக்கிறான். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழ் இல்லை. போனட்டில் தொடங்கும் பட்டை கூரையில் ஏறி டிக்கியில் இறங்கும்வரை ஒரே கோடு. வினைல் ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளைவில் அது எப்படி அடம்பிடிக்கும் என்று. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஹீட் கன்னால் சூடு காட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஜி.பி. ரோட்டில் காசு கொடுத்துச் செய்தவர்களின் வண்டியிலேயே இவ்வளவு நேர்த்தி இருக்காது. தானே ஒட்டியதாக அவன் சொல்கிறான், அந்த இடத்தில்தான் பின்னணி இசையைக் கூட்டி அவன் குரலை அமுக்கியிருக்கிறீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாமே. ஸ்டிக்கர் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆல்ட்டோதான் பிரச்சினை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததும் பையன்கள் பழைய ஸ்விஃப்டிலும் ஆட்டோவிலும் அந்த அணியின் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அப்போதும் இதே ஆட்கள் மூக்கைச் சுளித்தார்கள், சினிமாக் கூட்டம் உள்ளே வந்துவிட்டதாம். யார் வர வேண்டும் என்று நினைத்திருந்தீர்கள்? மோட்டார் ஸ்போர்ட்டுக்கு நம் ஊரில் கூட்டமே இல்லை என்று வருஷம் முழுக்கப் புலம்புகிறீர்கள். வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, “ஓரமாப் போடு தம்பி” என்கிறீர்கள். அதுவும் ரீலில் இருக்கிறது, கடைசியில்.

“இவ்வளவு பேசுகிறாரே, இவர் வண்டியில் என்ன ஒட்டியிருக்கிறார்” என்று யாராவது தோண்டுவீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளை வேகன் ஆர், ஃபாஸ்டேக் தவிர ஒன்றும் கிடையாது. எனக்குக் கதவில் எண் போட ஆசை உண்டு. தெருவில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தே வருஷங்கள் போய்விட்டன.

குழுவிலிருந்து நேற்றிரவு வெளியே வந்துவிட்டேன். “இந்தச் சின்ன விஷயத்துக்கா அண்ணே” என்று அட்மின் இரண்டு முறை போன் செய்தார். சின்ன விஷயம் என்றால் அந்த ரீலை எடுப்பதும் சின்ன விஷயம்தானே? இதை எழுதும்வரை எடுக்கவில்லை. எடுத்துவிட்டு, அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.