மரக்குற்றி வீட்டுக்கு ஹீட்டர் தேவையில்லையா?

"கனடாவில் மரக்குற்றி வீட்டுக்கு ஹீட்டரே தேவையில்லை. அதையே நிலாவெளியில் கட்டினால் ஏசியும் வேண்டாம்" என்றொரு செய்தி படத்தோடு திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. படம் அழகுதான், செய்தி பிழை.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இதைச் சரிபார்க்கலாம். 6 அங்குல மரக்குற்றிச் சுவரின் வெப்பத்தடை ஆர்-8 இற்குச் சற்று மேல் (ஆர் எண் கூடக்கூட, சுவர் வெப்பத்தைக் கடத்துவது குறையும்). 3½ அங்குல வெப்பக்காப்புப் பொருள் அடைத்த சாதாரண மரச்சட்டச் சுவருக்கோ சுமார் ஆர்-14. தடித்த மரம் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடும் என்பது உண்மை. ஆனால் கடுங்குளிர் நாட்டில் அது மட்டும் போதாது, ஹீட்டர் வேண்டும்.

பெரிய தொல்லை இடைவெளிகள். ஈரமரம் காயக் காயச் சுருங்கும், குற்றிகளுக்கிடையே விரல் நுனியை வைத்தால் குளிர்காற்று சில்லென்று படும். அதனால்தான் கட்டுவதற்கு முன் ஆறு மாதமாவது மரத்தை உலர விடச் சொல்கிறார்கள். அப்புறமும் இடுக்குகளை அடைப்பது, நீர்காப்புப் பூச்சு, பூச்சிமருந்து என்று சில வருடங்களுக்கொருமுறை வேலை இருக்கும்.

நிலாவெளியில்? இங்கே இரவும் புழுக்கம்தான், மரம் எப்போது குளிர்வது? மாரி ஈரமும் கறையானும் வேறு. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.