தாமிரத்தில் தவறும் கணக்கு

ஓர் அணுவிலுள்ள புரோட்டான்கள், நியூட்ரான்கள், எலக்ட்ரான்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கண்டறியும் வழியை விளக்கும் கட்டுரையைப் படித்தேன். அணு எண்ணே புரோட்டான்களின் எண்ணிக்கை என்று அக்கட்டுரை சொல்வது சரி. ஆனால், தனிம அட்டவணையிலுள்ள அணு நிறையை முழு எண்ணாக்கி, அதிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்கள் கிடைத்துவிடும் என்பதைப் பொது விதியாகத் தந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சோடியத்துக்கு அது பொருந்தும்; 22.99-ஐ 23 ஆக்கி 11-ஐக் கழித்தால் வரும் 12 சரியான விடையே, ஏனெனில் இயற்கையில் கிடைக்கும் சோடியம் நடைமுறையில் ஒரே ஐசோடோப்பு; அதாவது, அதன் அணுக்கள் எல்லாவற்றிலும் நியூட்ரான் எண்ணிக்கை ஒன்றே. தாமிரத்திலோ 63.55-ஐ 64 ஆக்கி 29-ஐக் கழித்தால் 35 வருகிறது. இயற்கைத் தாமிரத்தில் 35 நியூட்ரான்கள் கொண்ட அணுவே கிடையாது. சுமார் 69 விழுக்காடு அணுக்களில் 34, மீதியில் 36. அட்டவணை தருவது இவற்றின் சராசரி நிறை. ஒரு தனி அணுவின் நிறை எண் (புரோட்டான்கள், நியூட்ரான்களின் கூட்டுத்தொகை) அன்று. புரோமினிலும் இதே சிக்கல்தான்.

எலக்ட்ரான்கள் எப்போதும் புரோட்டான்களுக்குச் சமம் என்ற வரிக்கும் திருத்தம் தேவை. கொடைக்கானலில் மேல்நிலை மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கும் நான், இதற்கு எங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகத்தையே எடுத்துக்காட்டுவது வழக்கம். அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுக்கப் பயன்பட்டு வரும், சுமார் 393.4 நானோமீட்டர் அலைநீளமுள்ள, சூரிய ஒளியின் நிறமாலையில் காணப்படும் கால்சியம் 'கே' கோடு, ஓர் எலக்ட்ரானை இழந்து மின்சுமை பெற்ற கால்சியம் அணுவினுடையது, அதாவது கால்சியம் அயனியினுடையது: புரோட்டான்கள் 20, எலக்ட்ரான்கள் 19, பெரும்பான்மையான அணுக்களில் நியூட்ரான்கள் 20. மின்சுமை, நிறை எண் ஆகிய இரண்டையும் கொடுத்துக் கேட்கும் பயிற்சிக் கணக்குகள் சிலவற்றைக் கட்டுரையாளர் சேர்த்தால், தேர்வெழுதும் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.