போன் இல்லை ஐயா, வீடு

சனிக்கிழமை பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் ஒரு ஐயா பேசிய பேச்சின் வீடியோவை இதுவரைக்கும் பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டிப்ரெஷன் வருவது போனாலாம். தாங்கள் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தவர்களாம், தங்களுக்கு ஒன்றும் வரவில்லையாம். கைதட்டு வேறு.

கைதட்டியவர்களில் ஒருத்தி என்னிடம் பின்னேரம் கணக்குப் படிக்க வருகிறவள். ஓ.எல்., அதுதான் பதினோராம் வகுப்புச் சோதனை, எடுக்கப் போகிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டாள். நுண்கடன் காசு சேர்க்கிறவர் அன்றுதான் வருவார். தாய் பக்கத்து வளவுக்குள் நிற்க, படலையில் நின்று "அம்மா இல்லை" என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே. அந்த வீட்டில் இருப்பது ஒரேயொரு போன். அதுவும் தாயின் இடுப்பில்.

போன் இல்லை ஐயா, வீடு.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் கமக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். ராண்ட் காங்கரும் அவரோடு நின்ற ஆய்வாளர்களும் அப்படிப்பட்ட குடும்பங்களை வருடக்கணக்காகப் பார்த்தார்கள். காசுக் கஷ்டம் முதலில் தாய் தகப்பனின் மனதை உடைக்கிறது, பிறகு அவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள், அந்தச் சினம் கடைசியில் பிள்ளையில் இறங்குகிறது என்றார்கள். இதற்கு அயோவா வரை போகத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் இரவு எட்டு மணிக்கு நின்றால் கேட்கும்.

"கஷ்டப்பட்ட வீட்டிலிருந்து மெடிசினுக்குப் போன பிள்ளைகள் இல்லையா?" என்று ஒரு அண்ணை கட்டாயம் வருவார். இருக்கிறார்கள். வருடா வருடம் பேப்பரில் வரும் அந்த ஒரு படத்தை வைத்துத்தானே மற்றப் பிள்ளைகளின் தலையில் அடிக்கிறீர்கள். வசதியான வீட்டிலும் வருகிறதே என்பீர்கள். வரும், பரம்பரையாகவும் வரும். ஆனால் அங்கே பிள்ளையைக் காரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோவார்கள். இங்கே அதற்குப் பெயர் கொழுப்பு. பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. எரிந்து விழுவதாக வரும், படிப்பு விழுவதாக வரும். பிறகென்ன, வாத்தியாரும் அடிப்பார்.

போன் நித்திரையைக் கெடுக்கும்தான். சரி, விடுங்கள்.

அந்த ஜாம் போத்தலுக்கு வருகிறேன். நானும் அதில் படித்தவள்தான். 1990இல் சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது, மண்ணெண்ணெய் கண்ணில் காண முடியாத விலை. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்க யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்று, நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாகக் கடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் வீட்டில் கதவு நிலைகூட இல்லை. அப்பா முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். அம்மா தாலிக்கொடியை அடைவு வைத்தார். நான் சாப்பாட்டை வெறுத்தேன், பள்ளிக்கூடம் போகாமல் பாயில் சுருண்டு கிடந்தேன். எருமை, நாரி முறியாதவள், குமர்ப்பிள்ளைக்கு அழகா இது, எல்லாம் கேட்டேன். என்னிடம் அப்போது எந்தப் போன் இருந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். வந்தவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த மைக்கில் 1926 என்ற இலங்கை மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை ஒரு தடவை சொல்ல எத்தனை நேரம் போயிருக்கும்? பொன்னாடை போர்த்த எடுத்த நேரம்கூட இல்லை.

போன வருடம்தான் அம்மாவிடம் கேட்டேன், அப்போது எனக்கு என்ன நடந்தது என்று தெரியுமா என்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும் பிள்ளை. எனக்கும் அப்ப எழும்ப ஏலாமத்தான் இருந்தது. ஆரிட்டச் சொல்ல?"